தானாக வரட்டும்



கம்பளையில் மாதந்தோறும் கூடும் எமது பெண்கள் குழுவில் வழக்கமாகப் பேசப்படுபவை வாழ்வாதாரக் கடன், பிள்ளைகளின் படிப்பு, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்ற விடயங்களே. அண்மைக் காலமாக இவற்றுக்கு நடுவே இன்னொரு கேள்வியும் எழுகிறது. "மிஸ், வெள்ளத்துக்குப் பிறகு ஒரு நாயை எடுத்து வச்சிருக்கிறம். சாப்பிடுது இல்லை. ஆளைக் கண்டால் மேசைக்குக் கீழ போய் ஒளியுது. என்ன செய்யிறது?" என்று ஒரு சகோதரி கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் வேறு மூவர் தங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

மனிதரின் கஷ்டங்களே தீராதிருக்கும்போது நாய்க்கு ஒரு பத்தியா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் ஆண் துணையின்றிப் பெண் தலைமை தாங்கும் வீட்டில் நாய் ஒரு காவல். இரவில் படலையடியில் யாரும் வந்தால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். தாயும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு அது ஒரு துணையும்கூட. அதேவேளை, பயத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் அந்த நாய் ஒருநாள் கடித்துவிடலாம். கடித்த நாயைச் சாக்கில் கட்டி வேறு தெருவில் விட்டுவிடுவார்கள். பிள்ளைக்கு அது இன்னுமொரு இழப்பாகிவிடும். ஆகவே இது வீட்டு விடயம்தான்.

எமது வாசகியரில் பலருக்கு நாய் என்றதும் பழைய வலி ஒன்றும் ஞாபகத்துக்கு வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நடந்த குடும்பங்களும், 2009இல் வன்னியிலிருந்து மெனிக் பாம் முகாமுக்குப் போனவர்களும் வீட்டோடு வளர்த்த ஆடு, மாடு, நாய், கோழி எல்லாவற்றையும் விட்டுவிட்டே வந்தார்கள். "கட்டை அவிழ்த்துவிட்டு வந்தனான், அதுதான் என்னால செய்ய முடிஞ்சது" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அது பெரிய செயல். கட்டிய கயிற்றோடு விடாமல் அதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

இப்போது வேறு வகையில் வீடிழந்த நாய்கள் எங்கள் பகுதியில் இருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் பெய்த மழையில் மகாவலி பெருக்கெடுத்தது. கம்பளை நகரில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வெள்ளம் புகுந்தது. கண்டி மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் மண்சரிவுகள் ஏற்பட்டன. ஆட்கள் உயிர் தப்பியதே பெரிதாக இருந்தபோது நாய்களைப் பற்றி யார் நினைப்பது? நீரோடு போனவை போக, எஞ்சியவை வீதிகளில் அலைந்தன. அவற்றில் சிலவற்றை நல்ல மனம் கொண்டவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

அப்படி ஒரு நாய் வந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன். அந்தச் சகோதரி வன்னியில் கணவரை இழந்தவர். கணவரின் குடும்பம் முன்னர் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பம். ஆகவே யுத்தம் முடிந்தபின் மாமியாரோடு கம்பளைக்கு அருகே உறவினர் பக்கம் வந்து சேர்ந்தார். இப்போது வீட்டில் மாமி, உயர்தரம் படிக்கும் மகள், மைத்துனரின் ஆறு வயது மகன் ஆகியோர் இருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த பின் கடைத்தெருவில் நடுங்கிக்கொண்டிருந்த நாயை மகள் கூட்டி வந்தாள். சிறுவன் அதற்கு டொமி என்று பெயர் வைத்தான்.

முதல் நாட்களில் டொமி அசையாமல் மூலையில் கிடந்தது. "நல்ல அமைதியான நாய்" என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். பிறகு யாரும் கிட்டப் போனால் உறுமத் தொடங்கியது. உறுமியபோதெல்லாம் விளக்குமாற்றால் அடி விழுந்தது. சில நாட்களில் உறுமலும் நின்றது. திருந்திவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு மாலை சிறுவன் பிஸ்கட் கொடுப்பதற்காக மேசைக்குக் கீழ் தவழ்ந்து போய் அதன் காலைப் பிடித்து இழுத்தான். டொமி உறுமாமலே அவன் கையைக் கவ்வியது. பல் பட்டுத் தோல் கீறிவிட்டது.

மாமிக்கு வந்த கோபத்தைக் குறை சொல்ல முடியாது. பேரப்பிள்ளையின் கை அல்லவா? "புள்ளயக் கடிக்கிற நாய என்னத்துக்கு வச்சிருக்கணும்? சாக்குல போட்டு ஆத்துப் பக்கம் விட்டுட்டு வா" என்றார். சகோதரி என்னிடம் வந்து, "2009இல ஒன்றை விட்டிட்டு வந்தனான் மிஸ். இதையும் விடச் சொல்லினம். மாமி சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

காயத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருந்தது. நாய் கடித்தாலோ, பல் கீறினாலோ, காயமுள்ள இடத்தை நக்கினாலோ உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் நன்றாகக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அநேகமாக மரணம்தான். ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் அதைத் தடுத்துவிடலாம். ஊசி அவசியமா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கடித்த நாயைக் கொல்லவோ துரத்தவோ வேண்டாம். அதைக் கட்டிவைத்து அவதானித்தால்தான் நோய் இருக்கிறதா என்று தெரியும். ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டால் எதை அவதானிப்பது? இதைச் சொன்னபோது மாமியும் ஏற்றுக்கொண்டார். டொமி அந்த வீட்டில் மேலும் சில நாட்கள் தங்க முதலில் காரணமாயிருந்தது இதுதான்.

அடுத்ததாக, டொமி ஏன் கடித்தது என்று பார்த்தோம். பயந்த நாய் முதலில் தன் உடம்பினால் பேசும். வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்கும். காதுகளைப் பின்னால் மடிக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்கும், வெயில் இல்லாமலே இளைக்கும். கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். இவற்றை யாரும் கவனிக்காவிட்டால் உறுமும். "இதற்கு மேல் வராதே" என்பதுதான் உறுமலின் பொருள். அதற்கு அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டுமே போகும். டொமி முன்னறிவிப்பின்றிக் கடித்ததற்குக் காரணம் அந்த விளக்குமாறுதான். ஆகவே உறுமும் நாயைத் திட்டாமல் ஓரடி பின்னால் போங்கள். எதற்கு உறுமியது என்று யோசியுங்கள்.

அசையாமல் கிடந்த முதல் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமைதி வேறு, ஆறுதல் வேறு. 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடுமையான சோதனைதான். சில நாய்களுக்கு, அவை என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. பின்னர் அவற்றை, சிறிய தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பிவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். பல நாய்கள் தாண்ட முயலாமல் படுத்துவிட்டன. தங்கள் முயற்சியால் எதுவும் மாறாது என்று அவை கற்றுக்கொண்டன என அப்போது விளக்கினார்கள். அந்த இருவரே 2016இல் மூளை பற்றிய புதிய ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது உயிரினத்துக்கு இயல்பாகவே வருவது என்றும், "நான் செய்வதால் மாற்றம் வரும்" என்பதையே அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றும் எழுதினார்கள்.

பயந்த நாயைப் பழக்குவதன் சாரம் இதில் அடங்கியிருக்கிறது. தான் விலகினால் விட்டுவிடுவார்கள், தான் நெருங்கினால் நல்லது நடக்கும் என்று அது கண்டறிய வேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடியவை இவை:

அதற்கென ஒரு மூலை கொடுங்கள். வீட்டுக்குள் நாய் எடுக்காத குடும்பங்கள் பல உண்டு. பின்பக்கத் தாழ்வாரத்தில், மழைச் சாரல் படாத இடத்தில் ஒரு பழைய சாக்கும் மேலே மறைப்பாக ஒரு பலகையும் போதும். அந்த மூலைக்குள் இருக்கும்போது யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது, இழுக்கக்கூடாது. இது வீட்டார் எல்லோருக்கும் சட்டம்.

சாப்பாட்டை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இயன்றவரை ஒரே ஆள் வையுங்கள். தனிச் செலவு தேவையில்லை. சோற்றோடு கொஞ்சம் மீன் அல்லது இறைச்சி கலந்தால் சரி. வெங்காயம், காரம், அதிக உப்பு வேண்டாம். வைத்துவிட்டு விலகிப் போங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பயந்த நாய் சாப்பிடாது.

சில நாட்கள் போனபின், சற்றுத் தூரத்தில் பக்கவாட்டாக உட்காருங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். அரிசி புடைக்கலாம், தேங்காய் துருவலாம், உங்கள் வேலையைச் செய்யுங்கள். இடையிடையே ஒரு துண்டு கருவாட்டை அதன் பக்கம் போடுங்கள். கிட்ட வந்து மோந்து பார்த்தாலும் உடனே தலையைத் தடவாதீர்கள். போக நினைத்தால் போகட்டும். பிறகு தொடும்போதும் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுவராமல் நெஞ்சுப் பக்கம் மெதுவாகத் தொடுங்கள்.

எப்போதும் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். ஓட வழியில்லாத நாய்க்குப் பயம் வந்தால் மிஞ்சுவது கடிதான். அதேநேரம் முதல் வாரங்களில் வேலி இல்லாத வளவில் அவிழ்த்துவிட்டால் ஓடிப்போய்விடும். நீளமான கயிற்றில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வெளியே விடுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்று விடயங்களைச் சொல்லிக் கொடுங்கள். நாய் சாப்பிடும்போதும், தூங்கும்போதும், மூலைக்குள் இருக்கும்போதும் அதன் பக்கம் போகக்கூடாது. அதைக் கட்டிப்பிடிக்கக்கூடாது. அது வந்தால் அசையாமல் நிற்க வேண்டும், அதைத் துரத்தக்கூடாது. சிறு பிள்ளையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

இரண்டு நாட்களுக்கு மேல் எதையும் உண்ணாவிட்டால் அது பயமாக மட்டும் இருக்காது. உண்ணிக் காய்ச்சல், பூச்சி, உட்காயம் ஏதேனும் இருக்கலாம். அருகிலுள்ள அரச மிருக வைத்தியப் பணிமனையில் காட்டுங்கள். எங்கள் பகுதியினருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. பனடோல் போன்ற எங்கள் மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம், நாய்க்கு அவை நஞ்சாகலாம். ஆண்டுதோறும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும், உரிய வயதில் கருத்தடையும் செய்வித்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

டொமியின் வீட்டில் மகள் அந்தப் பொறுப்பை எடுத்தாள். காலையிலும் மாலையிலும் சாப்பாடு வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டாக உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாள். ஒன்பதாம் நாள், அவள் இருக்கும்போதே டொமி சாப்பிட்டது. ஐந்தாம் வாரம் அவள் கையை மோந்து பார்த்தது. சிறுவன் தன் மூன்று சட்டங்களை வீட்டுக்கு வருபவர்களுக்கும் சொல்லத் தொடங்கினான். ஒரு நாள் நான் போனபோது மாமி ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தனியாக வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் எல்லாம் நேர்கோட்டில் நடக்கவில்லை. நன்றாகப் பழகியிருந்த நேரத்தில் ஓர் இரவு பெருமழை பெய்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டதும் டொமி மீண்டும் மூலைக்குள் போய் நடுங்கியது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பட்ட பாடெல்லாம் வீண்" என்று மகள் அழுதாள்.

அவளுக்கு நான் சொன்ன ஒரு சம்பவத்தை உங்களுக்கும் சொல்கிறேன். ரஷ்ய விஞ்ஞானி இவான் பவ்லோவ் நாய்களைக் கொண்டு ஆய்வு செய்து புகழ் பெற்றவர். 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரில் ஏற்பட்ட பெருவெள்ளம் அவருடைய நாய்கள் இருந்த கட்டடத்துக்குள்ளும் புகுந்தது. கூண்டுகளில் நீர் ஏறிக்கொண்டிருந்த நிலையில், பணியாளர்கள் நாய்களை நீருக்குள் அமிழ்த்தி வாசல் வழியே வெளியே எடுத்துக் காப்பாற்றினார்கள். பின்னர் பார்த்தபோது சில நாய்கள் நெடுநாள் பழகியவற்றை மறந்து குழம்பிப்போயிருந்தன. பொறுமையாகப் பழக்கியபின் அவை தேறின. அப்படித் தேறிய ஒரு நாயின் அறைக்கதவின் கீழாகச் சிறிது தண்ணீரைக் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், பழைய குழப்பம் திரும்பிவிட்டது. மீண்டும் காலம் எடுத்தே அது தேறியது.

பின்னடைவு வந்தால் செய்தது வீண் என்று பொருள் இல்லை. தேறிய ஒன்று திரும்பவும் தேறும். டொமி நடுங்கும்போது மகள் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்படி ஆறுதல் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று முன்னர் சொல்வார்கள். அது சரியல்ல. அது தானாக உங்கள் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டால் ஒட்டவிடுங்கள். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். பட்டாசு வெடிக்கும் நாட்களிலும் இதே முறைதான். முன்கூட்டியே சாப்பாடு கொடுத்து, ஒதுக்கமான இடத்தில் விட்டு, வானொலியைச் சற்றுச் சத்தமாகப் போட்டுவிடுங்கள்.

டொமி இன்றும் குடை பிடித்து வரும் ஆண்களைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது. அது அப்படியே இருந்துவிடவும் கூடும். குடையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னால் முடிந்தது.

நாயை மனிதரோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. ஆனாலும் முகாம் வாழ்வைப் பற்றி உங்களில் பலர் எனக்குச் சொன்ன ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, வெளியே போக அனுமதி என்றிருந்த காலத்தில் எதையும் நீங்கள் தீர்மானிக்கவில்லை. வெளியே வந்து சொந்த அடுப்பு மூட்டிய அன்று, "இன்றைக்கு என்ன சமைக்கிறது என்று நானே யோசிச்சன்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். சின்ன விடயம்தான், ஆனால் அதிலிருந்துதான் பலர் மெல்ல மெல்ல எழுந்தார்கள். உங்கள் வீட்டிலும் பேசாமல் மூலையில் இருக்கும் ஒரு பிள்ளையோ, தாயோ இருக்கலாம். "நல்ல அமைதியான பிள்ளை" என்று விட்டுவிடாதீர்கள். "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று இழுக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள். சிறிய விடயங்களில் அவர்களே முடிவெடுக்க இடம் கொடுங்கள். நாட்கள் போயும் மாற்றம் இல்லையென்றால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவையோ, பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரையோ நாடுங்கள்.

கடைசியாக ஒரு விடயம். எல்லோராலும் நாய் வளர்க்க முடியாது. வாடகை வீடு, லயத்து அறை, கைக்குழந்தை, நோயாளி என்று காரணங்கள் இருக்கலாம். முடியாதென்றால் அதில் வெட்கமில்லை. ஆனால் இரவோடிரவாகத் தெருவில் விட வேண்டாம். எமது நாட்டில் உள்ளூராட்சி மன்றங்கள் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த வழக்கத்தை நிறுத்தி, கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்ற கொள்கை 2006இல் வந்தது. நாய்களுக்குப் புதிய வீடு தேடித் தரும் எம்பார்க் போன்ற அமைப்புகள் உள்ளன. கிளிநொச்சி மாவட்டத்தின் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயத்தை அமைத்தது. அயலில் விசாரித்து நல்லதொரு வீட்டைக் கண்டுபிடிக்கும்வரை வைத்திருங்கள். ஒப்படைக்கும்போது அது எதற்குப் பயப்படும், எந்த நேரத்தில் சாப்பிடும், எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் என்பதை ஒரு தாளில் எழுதித் தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள். அது படுத்திருந்த சாக்கையும் துவைக்காமல் கொடுத்துவிடுங்கள். தெரியாத இடத்தில் முதல் இரவைக் கழிக்க, தெரிந்த மணம் அதற்கு உதவும்.